நின்ற வண்டியில் குளிர்

ஏப்ரல் 9, புதன்

நகைக்கடைக்காரன் கொடுத்த இந்த டைரி பொங்கலிலிருந்து பீரோவுக்கு மேலே சும்மா கிடந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். என் எழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் காரில் ஏதோ நடக்கிறது. பின்னால் யாராவது, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று முழித்தால், தேதியோடு எடுத்து முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

கார் என் மகன் ராஜபாண்டி வாங்கிக் கொடுத்தது. சார்ஜாவில் பெரிய கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். அம்மா வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது என்று வாங்கினான். ஆறுமுகநேரியில் எங்கள் தெருவில் ஏசி கார் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பிறகு இரண்டு பேர் வாங்கினார்கள், எங்களைப் பார்த்து. ஓட்டுகிறது மருமகள் சுதா. நன்றாகத்தான் ஓட்டுகிறாள், அதையும் சொல்ல வேண்டும்.

இன்று அவளும் நானும் பேத்தி தாரிணியும் திருச்செந்தூர் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் நல்ல குளிர். ரயில்வே கேட் அடைத்திருந்தது. நின்றோம். கொஞ்ச நேரத்தில் டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்தது அடுப்புக் காற்று.

"என்னளா சுதா, காத்து சுடுது?"

"நின்னா இப்படித்தான் அத்தை ஆவுது. கெளம்பினா சரியாயிரும்."

"இப்படித்தான் ஆவுதுன்னா? முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

அவள் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்து வண்டி ஓடியதும் திரும்பக் குளிர் வந்துவிட்டது. 

ஏப்ரல் 10, வியாழன்

பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது. திருச்செந்தூர் போய்வர இவ்வளவு குடிக்காது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ராஜபாண்டி கூப்பிடும் நாள். எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அவன் ஃபோன் வந்தால் ஹாலில் டீப்பாய்மேல் வைத்து ஸ்பீக்கர் போட்டுவிட வேண்டும். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசுவோம். அவன் அப்பா இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். வீட்டுக்குள் ரகசியம் எதற்கு? அடுத்த வீட்டுச் சண்முகக்கனியும் வந்து உட்கார்ந்துகொள்வாள். என் மகன் பேச்சைக் கேட்க அவளுக்கு ஆசை. அவள் மகனுக்கு அவ்வளவு பேச வராது.

இன்று அவன் முகம் காட்டவில்லை. நெட் சரியில்லை என்றான். பின்னால் ஒரே ஆள் சத்தம், இரும்பு உருளுகிற சத்தம்.

"என்னய்யா அது சத்தம்?"

"சரக்கு எறக்குதாங்கம்மா. நீ மாத்திரை ஒழுங்கா போடுதியா?"

மேனேஜர் என்றால் சரக்கு இறங்குகிற இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும். அதைச் சண்முகக்கனிக்கு எடுத்துச் சொன்னேன்.

சுதாவிடம் "நீ பேசுளா" என்றேன். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றான். அவ்வளவுதான் புருஷன் பெண்டாட்டிக்குப் பேச்சு. கொஞ்ச நாளாகவே இப்படி. அவளுக்கு அவனிடம் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா என்று எனக்கு ஒரு இது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மெயின் ரோட்டில் ஏசி பார்க்கிற இஸ்ரவேல் கடைக்குப் போனோம். வயது நாற்பது இருக்கும். நிழலில் நின்றாலும் கறுப்புக் கண்ணாடி. வாய் மூடாது.

"பெரியம்மா, தூத்துக்குடி வரைக்கும் கேட்டுப் பாருங்க. ஏசின்னா இஸ்ரவேல். கம்ப்ரசர் எப்படி மூச்சு விடுதுன்னு காதுலயே சொல்லிருவேன்."

"காதுல கேட்டது போதும். கண்ணாடிய கழத்திட்டுப் பாரு."

பானெட்டைத் திறந்து ஒரு மீட்டரை மாட்டினான். கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பினால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னான். கம்ப்ரசர் எது என்று கேட்டேன். என்ஜினுக்குப் பக்கத்தில் பெல்ட் மாட்டிய உருண்டையைக் காட்டினான். அதுதான் கேஸை நெருக்கித் தள்ளுகிறதாம். அது போனால் பெரிய செலவாம். இப்படி முதலிலேயே சொல்லிவைப்பவர்களை எனக்குத் தெரியும். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டுவதற்கு அடிபோடுகிறார்கள்.

அவன் டீ குடிக்கப் போனபோது தாரிணியின் நகப்பூச்சை என் பையிலிருந்து எடுத்து, அந்த உருண்டையின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். இனி மாற்றிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

நல்ல குளிர். கூழ்வற்றல் போட அரிசி ஊற வைத்தேன். தாரிணிக்கு ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. இனி அந்தப் பிள்ளை என்னைத் தாண்டிப் போகும். போகட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

திரும்பவும் டக். திரும்பவும் அடுப்புக் காற்று. இந்தத் தடவை பஜாரில் நின்றபோது. "காது எங்கல போச்சு ஒனக்கு" என்று இஸ்ரவேலை ஃபோனில் கேட்டேன். கொண்டுவாருங்கள் என்றான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் இருந்தது. வண்டியை விட்டுவிட்டுப் பஜாருக்குப் போனோம். திரும்பி வந்தால் கம்ப்ரசரைக் கழற்றித் துடைத்து பெஞ்சுமேல் வைத்திருக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் சிவப்புப் பொட்டைக் காணோம்.

"இது எங்க கம்ப்ரசர் இல்ல. எங்கல ஒளிச்சு வெச்சிருக்க எங்களுத?"

"பெரியம்மா, இப்பத்தான் கழட்டினேன். கையி இன்னும் கறுப்பா இருக்கு பாருங்க."

"அடையாளம் வெச்சிருந்தேன்."

"என்ன அடையாளம்?"

சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றினான். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நகப்பூச்சா? தின்னர் ஊத்தி கழுவியிருக்கேன் பெரியம்மா. நகத்துலயே நிக்காது, இதுல எப்படி நிக்கும்? இருங்க." ஒரு நூலை எடுத்து, உருண்டையின் பக்கத்து இடுக்குக்குள் விட்டு இழுத்தான். சிவப்பாகக் கொஞ்சம் வந்தது. "எங்க வீட்டம்மாவுக்குக்கூட என்மேல இவ்வளவு சந்தேகம் கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். சுதாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மறக்காது.

பிறகு அவன் கம்ப்ரசரின் முன்பக்கத் தகட்டைக் காட்டினான். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அப்போது அவன் விளக்கிச் சொன்னது இது. கம்ப்ரசர் கேஸை நெருக்கினால் கேஸ் கொதிக்கும். வண்டி ஓடினால் எதிர்காற்று அதை ஆற்றிவிடும். நின்றால், முன்னால் இருக்கிற ஃபேன்தான் ஆற்ற வேண்டும். எங்கள் வண்டியில் அந்த ஃபேன் கிழவன் மாதிரி மெல்லச் சுற்றுகிறது. சூடு ஆறாமல் அழுத்தம் ஏறினதும் கம்ப்ரசர் தானாக நின்றுகொள்ளுகிறது. அந்த டக் அதுதான். அப்படியானால் கேஸ் குறைச்சல் என்று முதலில் சொன்னது தப்புத்தானே என்று கேட்டேன். அதுவும் கொஞ்சம் இருந்தது என்றான். தப்பு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. இவனும் என் ஜாதகம்தான்.

கடைசியில் ஒன்று கேட்டான்.

"வண்டி ஓடினது கொஞ்சம்தான். ஆனா ஃபேனும் கம்ப்ரசரும் டாக்சி மாதிரி ஒழச்சிருக்கு. நிப்பாட்டி வெச்சு, ஏசிய போட்டுட்டு, தெனம் யாரு உள்ள உக்காருதா?"

நான் உட்காருவதில்லை. தாரிணிக்குச் சாவி எட்டாது. சுதாவைப் பார்த்தேன். பில்லைக் கேட்கிற மாதிரி அவனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். திரும்பி வந்தவன் பேச்சை மாற்றிவிட்டான்.

"அப்படி ஒண்ணும் இல்ல பெரியம்மா. இந்த வெயிலுக்கு கேட்டுல நின்னாலே போதும், இப்படி ஆயிரும்."

வாய் மூடாதவன் ஒரு பெண் சொன்னதும் மூடுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

ஏப்ரல் 25, வெள்ளி

ஃபேன் வரும்வரைக்கும் ஓட்டலாம், நிறுத்தி வைத்து ஏசி போட வேண்டாம் என்று சொல்லி வண்டியைக் கொடுத்திருக்கிறான்.

மத்தியானம் சாப்பிட்டதும் நான் படுப்பது வழக்கம். இன்று படுத்தேன், தூங்கவில்லை. தாரிணி எதிர்வீட்டுக்கு விளையாடப் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. வற்றலுக்குக் காக்கை விரட்டுகிற சாக்கில் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

கார் நிற்பது வேப்பமரத்தடியில், தகரம் மட்டும் போட்ட கொட்டகையில். வண்டி ஸ்டார்ட்டில் இருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே சுதா. பேசுகிறாள். கையை ஆட்டிப் பேசுகிறாள். ஒருதடவை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் வெளியே வந்ததும் வண்டி நின்றது.

"என்னளா, வெயில்ல வண்டிக்குள்ள?"

"பேட்டரி எறங்கிரக்கூடாதுன்னு கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன் அத்தை."

பேட்டரியிடமா சிரித்தாய் என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ராஜபாண்டி இன்று முகம் காட்டினான். தடித்த கோட்டும் காதை மூடின குல்லாவும். தாடை ஒடுங்கியிருக்கிறது. "என்னய்யா இந்தக் கோலம்" என்றேன். "ஏசி குளிர்தாம்மா" என்றான். சண்முகக்கனி அதிசயப்பட்டுப் போனாள். அவள் மகன் ஆபீசில் ஃபேன்தான் ஓடுகிறது. மேனேஜர்களுக்கு அங்கே அப்படிக் குளிர் வைக்கிறார்கள் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் நம் பேரில் அன்னதானம் உண்டுதானே என்று கேட்டேன். நோட்டீஸில் 'சார்ஜா ராஜபாண்டி' என்று போடக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னேன். அவன் முகம் திரையில் அசையாமல் நின்றது. நெட்தான். "சரிம்மா" என்றான்.

ஏப்ரல் 30, புதன்

சண்முகக்கனியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். "ஒரு பொம்பள தெனம் மத்தியானம் அடச்ச கார்ல உக்காந்து சிரிச்சுப் பேசுனா என்னன்னு நெனைப்ப?" என்று கேட்டேன். யார் என்று பேர் சொல்லவில்லை.

"அந்த மெக்கானிக் பேச்சுக்காரன்லா மதினி" என்றாள் அவளாகவே.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மே 2, வெள்ளி

ஃபேனும் அந்தத் தகடும் மாட்டியாகிவிட்டது. சாமான் வருவதற்கு முன்னாலேயே சுதா பறந்தாள். "அம்மா மெக்கானிக் மாமாவுக்கு ரெண்டு தடவ போன் போட்டா ஆச்சி" என்று தாரிணி சொன்னாள். பிள்ளைக்குப் பொய் தெரியாது.

கொடைக்கு முந்தின ஞாயிறு என் அண்ணன் நாசரேத்திலிருந்து வருகிறார். அன்றைக்கு ராஜபாண்டி ஃபோனில் வரும்போது, அண்ணனை வைத்துக்கொண்டே கேட்டுவிடப் போகிறேன். சண்முகக்கனியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். விஷயம் நான் நினைக்கிற மாதிரி இருந்தால் சுதா அவள் அம்மா வீட்டுக்குப் போகட்டும். தாரிணியை அனுப்பமாட்டேன்.

மே 6, செவ்வாய்

நாலு நாள் ஓட்டிவிட்டு அழுத்தம் பார்க்க வாருங்கள் என்று இஸ்ரவேல் சொல்லியிருந்தான். போனோம். எங்கள் காரைக் கண்டதும் கடைக்குள் போய்விட்டான். நான் இறங்கிப் போனேன்.

"ஒங்க வண்டி வேண்டாம் பெரியம்மா. தூத்துக்குடியில காட்டுங்க."

"ஏன், காசு தரலியா நாங்க?"

"காசு இருக்கட்டும். மூணு நாளா எங்க வீட்ல எனக்கு சோறு இல்ல. பொறந்த வீட்டுக்குப் போறேன்னு பொண்டாட்டி நிக்கா, போனா திரும்பி வருவாளான்னு தெரியல. நான் ஏசி பாக்கவன். வாய்தான் நீளம், வேற ஒண்ணும் கெடையாது."

சுதா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் வழியில் பலசரக்குக் கடையில் நிறுத்தினாள். அவள் உள்ளே போனதும் அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். காருக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்தது.

ஊர் வாய்க்கு நான் என்ன செய்ய முடியும்.

மே 9, வெள்ளி

மத்தியானம் காரில் போய் உட்கார்ந்தேன். ஏசி நன்றாக வேலை செய்கிறது.

மே 10, சனி

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முன்னால் கேட்பதென்றால் கையில் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். சுதா காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றும் வரைக்கும் காத்திருந்தேன். பின்பக்கமாகவே போய், முன்கதவைச் சட்டென்று திறந்து, அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டேன்.

ஃபோனைக் காரோடு சேர்த்திருந்தாள் போலிருக்கிறது. ஒரு ஆண் குரல் நாலு கதவிலிருந்தும் வந்தது. ராஜபாண்டி.

"...ஃப்ரீஸருக்குள்ள பொட்டிய தூக்கிட்டு வெளிய வந்தா, வெரலு என்னுது இல்லாத மாதிரி இருக்கு சுதா."

சுதா ஃபோனை நிறுத்தக் கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் வந்தது அவனுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே போனான்.

"வந்திருன்னு நீ சொல்லுத. சரி. வந்து? அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. மேனேஜர், மேனேஜர்னு ஊரு முழுக்க சொல்லி வெச்சிருக்கா. மீன் பொட்டி தூக்குதான்னு தெரிஞ்சா அவ வாசல்ல தல காட்ட மாட்டா. நோட்டீஸ்ல வேற பேரு போட்டாச்சு. கேக்குதியா? சுதா?"

"ஏல ராசா" என்றேன்.

குளிர் நேரே என் கழுத்தில் அடித்தது.

"அம்மா?"

"வெரலு மடக்க வருதா?"

"வருதும்மா."

"பொய் சொல்லாத."

"காலையில வராது. வெந்நீல போட்டா வரும்."

"எப்பருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடி கம்பெனிய மூடிட்டான். வேற எடம் பாத்துக்கிட்டு இருக்கேன். கெடச்சிரும்மா. நீ வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத."

வெளியே சொல்ல எனக்கு என்ன பைத்தியமா. அதை அவனிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இறங்கி வந்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை. அவள் ஏசியைக் கூடுதலாக வைத்திருந்தாள், அதனால்.

பிறகு சுதா சமையலறையில் வந்து நின்றாள்.

"ஹால்ல வெச்சு இதெல்லாம் பேச முடியாது அத்தை. ஒங்களுக்குக் கேக்கும், சண்முகக்கனி சித்திக்குக் கேக்கும். காரு மட்டும்தான் அடச்சா வெளிய கேக்காது. அடச்சா ஏசி இல்லாம அந்த வெக்கையில உக்கார முடியாது. அதான் ஃபேன் போச்சு. மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட, அத்தைக்குத் தெரிய வேண்டாம்னுதான் சொன்னேன். போன் போட்டது ஃபேன் சீக்கிரம் வரட்டும்னு."

"ஒரு நாள் சிரிச்சியே. என்னது அது?"

"ஒங்க நகப்பூச்சு கதைய அவியகிட்ட சொன்னேன். அவியளும் சிரிச்சாவ. நாலு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சாவ."

கூழ்வற்றல் டப்பாவை எடுத்துத் திரும்ப அடுக்கினேன். அது நன்றாகத்தான் அடுக்கியிருந்தது.

மே 11, ஞாயிறு

அண்ணன் வந்தார். சண்முகக்கனி மற்ற நாளைவிடச் சீக்கிரமே வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஃபோன் வந்தது. ராஜபாண்டி எல்லாரையும் விசாரித்தான். குரலில் ஒன்றும் காட்டவில்லை. என் பிள்ளை.

"மதினி, ஏதோ கேக்கணும்னு சொன்னியளே" என்றாள் சண்முகக்கனி. சுதா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்க ஒண்ணும் இல்ல" என்றேன்.

சண்முகக்கனி சுதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. புரிந்தது தப்பு. வீட்டு மானத்துக்காக நான் மூடி மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். சாயந்தரத்துக்குள் தெரு முழுவதும் அதுதான் பேச்சு. முன்னே சந்தேகமாக இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் சுதாவிடம், "சண்முகக்கனி வாய நான் அடச்சிருதேன்" என்றேன்.

"எப்படி அடப்பிய? நான் யார்கிட்ட பேசுனேன்னு சொன்னாத்தான அடையும். அதச் சொன்னா, ஏன் ஒளிஞ்சு பேசுனான்னு கேப்பாவ." தாரிணிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள். "அவியளப் பத்தி வெளிய வர வேண்டாம். என்னையப் பத்திப் பேசுனா பேசிட்டுப் போறாவ அத்தை. கொஞ்ச நாள்தான்."

கொஞ்ச நாள் என்கிறாள். இந்த ஊரை அவளுக்குத் தெரியாது. தாரிணிக்கு மாப்பிள்ளை பார்க்கிற அன்றைக்கும் இதை எடுத்து வைப்பார்கள்.

பெரிய இவள்.

மே 12, திங்கள்

தூங்கவில்லை. கொசு.

அவன் பேரைக் காப்பாற்றினால் இவள் பேர் போகிறது. இவள் பேரைக் காப்பாற்றினால் அவன் பேர் போகிறது. அவன் பேர் என்றா எழுதினேன்? என் பேர் என்று எழுதியிருக்க வேண்டும். அவன் விரலைப் பற்றித்தான் பேசினான். பேரைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்காக.

மே 13, செவ்வாய்

கொடை. கோயில் முன்னால் பெண்கள் எல்லாரும் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கலிட்டார்கள். சுதா முன்னாலேயே போய் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். நான் என் பானையோடு போனபோது பார்த்தேன். அவளுக்கு இந்தப் பக்கமும் இடம் காலி, அந்தப் பக்கமும் காலி. மற்ற இடத்திலெல்லாம் முழங்கை இடிக்கிறது.

சண்முகக்கனி அடுப்பு கொஞ்சம் தள்ளி இருந்தது.

"ஏன் சண்முகக்கனி, எப்பவும் எங்க பக்கத்துலதான போடுவ?"

"பொகை இந்தப் பக்கம் வருது மதினி."

"பொகைக்குப் பயந்தவ பொங்க விட ஏன் வந்த?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுதா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. நான் பானையைக் கீழே வைத்தேன்.

"போன மாசம் ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? அடச்ச கார்ல உக்காந்து ஒரு பொம்பள பேசுனா என்னன்னு."

"ஐயோ மதினி, அத ஏன் இப்ப, இங்க வெச்சு..."

"இங்க வெச்சுத்தான். அது என் மருமவ. அவ பேசுனது என் மவன்கிட்ட. அவனுக்கு வேல போயி நாலு மாசம் ஆச்சு. மேனேஜரும் இல்ல ஒண்ணும் இல்ல. மீன் பொட்டி தூக்குதான், ஃப்ரீஸருக்குள்ள நின்னு. அன்னைக்கு நீ பாத்த கோட்டு அதுக்குத்தான். எனக்குத் தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு புருஷனும் பொண்டாட்டியும் கார்ல கதவ அடச்சிட்டுப் பேசியிருக்காவ. அந்த மெக்கானிக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவன் பொண்டாட்டிய சோறு போடச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

வரிசைக் கடைசியில் யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள்.

"பாவம் பாக்க என்ன இருக்கு? பொட்டி தூக்குதான். எவன் பொட்டியையும் திருடல."

சுதாவுக்கும் எனக்கும் நடுவில் கல்லைக் கூட்டி என் பானையை ஏற்றினேன். அவள் குனிந்து தீயை ஊதிக்கொண்டிருந்தாள். தீ நன்றாகத்தான் எரிந்தது.

அவள் இடுப்பிலிருந்து ஃபோனை வாங்கி, ராஜபாண்டிக்குப் போட்டுத் தரச் சொன்னேன். இந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை. பயந்துபோய் எடுத்தான்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். இனிமே நீ வரலாம்."

அவன் ஏதோ சொன்னான். அதே நேரத்தில் மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு தடவை கேட்டும் காதில் விழவில்லை. ஃபோனைச் சுதாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, பந்தலைத் தாண்டி, ஆள் இல்லாத பனைமரங்களைப் பார்த்து நடந்துபோனாள்.

ரொம்ப நேரம் வரவில்லை. அவள் பானையையும் என் பானையையும் நான்தான் கிண்டினேன்.